லீவு என்று எழுதப்பட்ட பதினொரு நாள்

வாசலைக் காத்த வல்லமையே! வரிசையைக் காத்த நேர்மையே! பனிமலையில் பாதம் பதித்து, வைகைக் கரையில் வியர்வை சிந்திய வீரமே! எங்கள் அன்புக்கும், அவ்வப்போது அச்சத்துக்கும் உரிய அண்ணன் திரு. சிவனாண்டி அவர்களே! வணக்கம்.

இராணுவத்தில் பதினேழு ஆண்டுகள், மருதவளம் வங்கியின் சோழவந்தான் கிளையில் துப்பாக்கிக் காவலராக இருபத்து மூன்று ஆண்டுகள் என நாற்பதாண்டு நின்ற கால்களுக்கு இன்று ஓய்வு என்கிறது நிர்வாகம். அந்தக் கால்கள் அதற்குச் சம்மதிக்குமா என்பது எங்களுக்குச் சந்தேகமே. கொடிக்கால் சேறு காலில் ஒட்ட வரும் வெற்றிலை விவசாயியையும், கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வரும் கனவானையும் ஒரே வரிசையில் நிறுத்திய நடுநிலைச் செம்மலே! புதிதாக வந்த மேலாளரையே, முகம் தெரியாது என்று சொல்லி அடையாள அட்டை எடுத்து வரத் திருப்பியனுப்பிய கடமைக் குன்றே! வாசலுக்கும் தெருமுனைக்குமாகத் தாங்கள் நடந்த நடையைச் சேர்த்துப் பார்த்தால் காசிக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். தபால்காரர் வரும் நேரம் நெருங்கினால் அந்த நடை இரண்டு மடங்காகும். எங்களுக்கே கால் வலிக்கும்.

பாராட்டு மடல் என்றால் குணங்களை அடுக்கி, கடலென்றும் மலையென்றும் சொல்லி, பன்னீர் தெளித்து முடிப்பது வழக்கம். அண்ணனுக்கு அப்படி எழுதினால் அது பாதி மடல்தான். அந்த நடை எதற்கு என்று சொல்லாமல் அவரை எப்படிப் பாராட்டுவது? ஆகவே இனி அவையோர் அறிய அவர் கதையைச் சொல்கிறோம். அண்ணன் குறுக்கே பேச வேண்டாம்.

1999ஆம் ஆண்டு, வைகாசி மாதம். அலங்காநல்லூருக்கு வடக்கே உள்ள தம் ஊர்க் கோயில் திருவிழா ஜல்லிக்கட்டில் தம் காளையை அவிழ்க்க லீவு வாங்கிக்கொண்டு, எல்லைப் பனிமலையின் அடிவார முகாமில் வண்டிக்குக் காத்திருந்தார் சிவனாண்டி. அப்போது, மேலே அவர்கள் காவல் நின்ற சிகரம் தாக்கப்பட்டதாகச் சேதி வந்தது. அங்கே இருந்தவர்களில் இம்மானுவேல் ஒருவன். மதுரை வில்லாபுரத்துப் பிள்ளை. சிவனாண்டியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். ஊருக்குப் போகும் வண்டியை விட்டுவிட்டு, தோட்டாப் பெட்டி ஏற்றிய லாரியில் தாவி ஏறினார் நம் அண்ணன். எழுத்தரிடம் போய் லீவை ரத்துசெய்யச் சொல்லத் தோன்றவில்லை. வீடு எரியும்போது யார் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள்?

பதினொரு நாள் அந்தச் சிகரத்தில் நின்றார். ஒன்பதாம் நாள், இம்மானுவேல் அவர் மடியில் உயிரை விட்டான். அவரை அங்கே கண்ட அதிகாரியும் மறுநாள் வீழ்ந்தார். பதிவேட்டில் மட்டும் லீவு லீவாகவே இருந்தது. சண்டையில் நின்றவர்களுக்கான பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பதக்கம் போனால் போகட்டும் என்றுதான் முதலில் இருந்திருக்கிறார். அவரைச் சுட்டது வேறொன்று. இராணுவத்தை விட்டு வந்ததும் வில்லாபுரத்துக்குப் போய், இம்மானுவேலின் அம்மா தங்கப்பொண்ணுவிடம், உங்கள் மகன் தனியாகச் சாகவில்லை, நான் பக்கத்தில் இருந்தேன் என்று சொன்னார். அந்த அம்மா உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். கடைசி நேரத்தில் மகனோடு யார் இருந்தார்கள், அவன் கடிதங்களில் எழுதும் சிவனாண்டி இருந்தாரா என்று அவர் கேட்டு எழுதியதற்கு வந்த பதில் அது. உடன் எவரும் இல்லை. சிவனாண்டி என்பவர் அப்போது லீவில் இருந்தார் என்று அதில் இருந்தது.

"ஆறுதலுக்குச் சொல்றப்பா. ஒன் மனசு தங்கம்" என்றாராம் அந்தத் தாய். "ஆனா எம்புள்ள தனியாத்தான் செத்தான்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது மனு. ஏட்டைத் திருத்துங்கள், பதக்கம் கொடுங்கள் என்று, பதிலுக்கு வங்கி முகவரியைக் கொடுத்து, ஆண்டுதோறும் எழுதினார். உயிரோடு இறங்கி வந்த ஒருவர் சாட்சி எழுதிக் கொடுத்தார். ஒற்றைச் சாட்சி போதாது என்றார்கள். உள்ளூர் விசாரணைக்கும் ஆள் வந்து போனது. அதற்குப் பிறகு வந்த பதில்கள் எல்லாம் ஒரே வரி: கோரிக்கை ஏற்கத்தக்கதன்று. ஏன் என்று எவரும் சொல்லவில்லை.

காரணம் சென்ற ஆண்டுதான் தெரிந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய விசாரணை அறிக்கையை வீட்டில் வைத்து உரக்கப் படித்தார். அந்த வைகாசியில் சிவனாண்டி தம் காளையோடு ஊரில் இருந்தார் என்று விழாக் கமிட்டி நோட்டுப் புத்தகம் சொல்கிறதாம். ஊர்ப் பெரியவர்களும் மார் தட்டிச் சொல்லியிருக்கிறார்கள், எங்க பய எந்த வருசமும் சாமிக்கு மாடு அவுக்க வராமல் இருந்ததில்லை என்று. திருவிழாவுக்கு வராதவன் என்று எழுதிவிட்டால் அவருக்குக் கேவலம் அல்லவா? நல்லது செய்வதாக நினைத்து நாலு பேரும் சேர்ந்து கவிழ்த்துவிட்டார்கள்.

அண்ணன் படித்து முடிக்கும் முன் அண்ணி பாண்டியம்மாள் குறுக்கிட்டார். அந்த ஊரில் காளைக்குச் சொந்தக்காரர் வந்திருந்தால்தான் வாடிவாசலில் அவிழ்க்க விடுவார்கள். "மாடு அவுக்காம நின்னா ஊரு என்ன பேசும்? நீங்க வந்துட்டீக, காய்ச்சல்ல படுத்துக் கெடக்கீகன்னு நான்தான் கமிட்டியில சொன்னேன்" என்றார். காளை அன்று பிடிபடாமல் போய்விட்டது. அந்தப் பொய்தான் பிடித்துக்கொண்டது.

அதைக் கேட்ட நான்காம் நாள், அண்ணன் அண்ணியைப் பேருந்தில் மதுரைக்கு அழைத்துப் போய், வழக்கறிஞர் முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்து வாங்கினார். பொய் சொல்லி மானம் காத்த வாய், மெய்யையும் மறைக்காமல் சொன்னது. அண்ணியாரே, இந்த மடலில் பாதி உங்களுக்குத்தான்.

இதைக் கேட்டுப் பொறுக்காமல் எங்கள் கடன் பிரிவு பாண்டிராஜ் ஒரு யோசனை சொன்னான். மதுரையில் ஷீல்டு செய்யும் கடையில் ஒரு பதக்கம் செய்து இந்த விழாவில் குத்திவிடலாம் என்றான். அண்ணனுக்கு வந்த கோபத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

"வேணாம்ப்பா. கடையில வாங்கிக் குத்துனா, நான் சொன்னது பொய்யின்னு இம்மானுவேல் அம்மா நெனச்சது சரின்னு ஆயிரும்" என்றார்.

அண்ணியின் வாக்குமூலம் போய் ஏழு மாதம் ஆகிறது. பதில் இல்லை. தங்கப்பொண்ணு அம்மாவுக்கு வயது எண்பத்து நான்கு. தபால்காரரின் தலை தெரிந்தால் இப்போது நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுகிறோம். பெருமிதத்தோடு அல்ல, பெருந்தவிப்போடுதான் தங்களுக்கு விடை தருகிறோம். நோய் நொடி அண்டாமல், நெஞ்சின் பாரம் நீங்கி, அண்ணியாரோடு நூறாண்டு வாழ அந்தக் கள்ளழகர் துணை நிற்கட்டும்!

(இதுவரை அச்சிட்டது. இதற்குக் கீழே உள்ளது, இன்று மதியம், கண்ணாடிச் சட்டம் போடக் கொடுக்கும் முன், காசாளர் தமிழ்ச்செல்வி கையால் எழுதியது.)

அண்ணே, இன்று காலை தபாலில் உங்களுக்கு வந்ததை நாங்களும் படித்துவிட்டோம். மன்னிக்கவும், நீங்கள்தான் மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றீர்கள். லீவுப் பதிவு நீக்கப்பட்டது. பதினொரு நாளும் போர்க்களப் பணி. பதக்கத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமாம். அதை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

உங்களைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். வில்லாபுரத்துக்குப் போன் போட்டு, அந்த உத்தரவைத் தங்கப்பொண்ணு அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறை முடிந்ததும் பேசினார்.

"அவன வரச் சொல்லு தாயி. எம்புள்ள கடைசியா என்ன கேட்டான்னு நான் அவன்ட்ட கேக்கவே இல்ல."

ஏற்புரை வேண்டாம் அண்ணே. புதிய காவலரிடம் துப்பாக்கியை ஒப்படைத்தாகிவிட்டது. பாண்டிராஜ் வண்டியைக் கிளப்பி வைத்திருக்கிறான். அந்த அம்மா காத்திருக்கிறார், போய் வாருங்கள்.

என்றும் அன்புடன்,
மருதவளம் வங்கி, சோழவந்தான் கிளைப் பணியாளர்கள்