கூப்பிடாத சப்ரொட்டீன்

ஒரே வேலைக்கு இரண்டு முறை புரோகிராம் எழுதுவது எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். எங்கள் ஒரகடம் பிளான்டில் ஆறு வெல்டிங் ரோபோக்கள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கம்பிக் கூண்டு, அதற்கு ஒரு கதவு. கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு சப்ரொட்டீன், அதாவது வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளும் குட்டி புரோகிராம், எழுதினேன். மெயின் புரோகிராம் ஆறு ரோபோவுக்கும் அதைத்தான் கூப்பிடும். கதவு திறந்தால் ரோபோ நின்றுவிடும்.

நான்காம் கூண்டின் சென்சார் பழுதானது. மூடிய கதவைத் திறந்திருப்பதாகச் சொல்லும். ஷிஃப்டுக்கு இருபது முறை லைன் நின்றது.

"இன்னாப்பா, சும்மா சும்மா நின்னுகினே கீது? எதுனா பண்ணு," என்றார் மேனேஜர் வரதராஜுலு.

நான்காவதுக்கு மட்டும் கூப்பிடும் வரியை எடுத்தேன். சப்ரொட்டீனில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. கூப்பிடாவிட்டால் அது கடைசியாகச் சொன்ன பதிலே நிற்கும்: கதவு மூடியிருக்கிறது.

பத்து நாளில் புதுச் சென்சார் மாட்டினார்கள். வரியைத் திரும்பப் போட மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. லைன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கூண்டின் ஆபரேட்டர் இசக்கிதுரை, திருநெல்வேலிப் பக்கம். கேன்டீனில் ஒருநாள் கேட்டார்: "கதவத் தொறந்தா அது நின்னுரும்லா சார்?"

"நிக்கும். நான் எழுதுனதுதான்," என்றேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, சிக்கிய தகட்டை எடுக்க உள்ளே போனார். ரோபோவின் கை திரும்பி அவரைத் தூணோடு அழுத்தியது. ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் வரியைப் போட்டுவிட்டேன். கம்பெனி விசாரணையில் சோதித்துப் பார்த்தபோது, கதவைத் திறந்ததும் ரோபோ ஒழுங்காக நின்றது. சென்சாரை ஏமாற்றிவிட்டு உள்ளே போயிருப்பார் என்று எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

காரியம் முடிந்ததும் அவர் மனைவி சொர்ணம்மாள் ஆபீசுக்கு வந்தார். "அவுக அப்படிச் செய்யுற ஆளு இல்ல சார்." தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது வீட்டில் ஜெயலட்சுமி ஃப்ரிட்ஜைத் திறந்தால், மூடும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை. "ஏங்க, இன்னா ஆச்சு?" என்பாள். எது நிற்க வேண்டும் என்று காத்திருக்கிறேனோ, தெரியவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று என் லேப்டாப் லைனில் மாட்டியிருந்தது. நான்காம் கதவு திறந்ததாகப் புதுச் சென்சார் சொன்னதைத் திரையில் பார்த்தேன். ரோபோவின் கை திரும்ப ஒன்பது நொடி இருந்தது. எமர்ஜென்சி பட்டன் என் முழங்கைப் பக்கம். அழுத்தியிருந்தால், தானாக ஏன் நிற்கவில்லை என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

அவரை நான் ஒன்றும் செய்யவில்லை, மேடம். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.