விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம்?

— டிரிங் டிரிங். டிரிங் டிரிங். எடு வாரன், போன் அடிக்குது.

— எடுத்துட்டேன். என்ன வேணும்?

— வச்சுட்டேன். "என்ன வேணும்"னு உறுமுற ஆள்கிட்ட எவன் பேசுவான்? நாளைக்கு அந்த வாடகை வீட்டு ஆபீஸ்ல உனக்கு முதல் நாள் வேலை. அந்த மேனேஜர் அம்மா பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பா. "வணக்கம், வாரன் பேசுறேன், என்ன உதவி செய்யணும்?" எங்க, சொல்லு.

— கப்பல்ல போனை எடுத்தா "சொல்லு"ன்னுதான் சொல்லுவோம். அவ்வளவுதான்.

— ஆரம்பிச்சுட்டியா? இனிமே "கப்பல்ல"ன்னு ஒரு தடவை சொன்னா ஒரு பாத்திரம் கழுவணும். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, தொட்டி நிறைய கிடக்கு.

— முப்பது வருஷமா இரும்புத்தாதுக் கப்பல்ல, அந்தக் கடல் மாதிரி ஏரியிலயே கிடந்தவன் ரோண்டா. இந்த ஜனவரியில ஏரி உறைஞ்சதும்தான் ஒரேயடியா இறங்கினேன். வாய் அதுக்குள்ள மாறிடுமா?

— முழங்கால் மட்டும் தேஞ்சு மாறிடுச்சில்ல? அது ஒரு பாத்திரம். டிரிங் டிரிங்.

— வணக்கம், வாரன் பேசுறேன். என்ன உதவி செய்யணும்?

— இரு, குரலை மாத்திக்கறேன். ம்ம்க்கும். தம்பி, எனக்குக் காது மந்தம், சத்தமாப் பேசு. ஹீட்டர் கடகடங்குது. ஓனர் போன் நம்பர் குடு. நான் அவன்கிட்ட நேராப் பேசிக்கறேன்.

— ஓனர் நம்பர் குடுக்க முடியாதுங்க. வாடகை வாங்குறது, ரிப்பேர் பாக்குறது, எல்லாத்தையும் அவருக்குப் பதிலா எங்க ஆபீஸ்தான் செய்யுது. நீங்க எங்கிட்டயே சொல்லுங்க.

— வீடு அவனோடது. குடியிருக்கறது நான். நடுவுல நீ யாரு?

— நடுவுல நிக்கறதுக்குத்தான் பெரியவரே எனக்குச் சம்பளம்.

— ஹா! இது ஆபீஸ் குடுத்த கையேட்டுல இல்லயே. நல்லா இருக்கு, வச்சுக்கோ.

— அடுத்தது போடு. நான் சூடாயிட்டேன்.

— டிரிங் டிரிங். ஹலோ அங்கிள்! நான் காலேஜ் பொண்ணு. பெட்ரூம் சுவத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிச்சுக்கலாமா?

— கறுப்பா? உனக்கு என்னம்மா கஷ்டம்?

— வாரன்!

— சரி, சரி. எழுதிக் கேளும்மா. அனுமதி வந்தா அடிச்சுக்கலாம். காலி பண்ணும்போது பழையபடி வெள்ளை அடிச்சுட்டுப் போகணும். இல்லேன்னா முன்பணத்துல பிடிச்சுக்குவாங்க.

— அப்போ நாய் வளக்கலாமா அங்கிள்?

— அதுக்கும் முதல்லயே கேக்கணும். வாங்கப் போறியா?

— ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில இருக்கு.

— எனக்குக் காது கேக்கல.

— தப்பு! நீ ஆபீஸ் ஆளு. அவளுக்குத் தோழனா நீ?

— அவ பாவம்டீ, நாயை எங்க கொண்டு விடுவா? கப்பல்ல ஒருத்தன் பூனையை ஒளிச்சு வச்சிருந்தான். கேப்டனே மீன் தலையை எடுத்து வைப்பார்.

— ரெண்டாவது பாத்திரம். நேத்து கறியும் உருளைக்கிழங்கும் போட்டு ஹாட்டிஷ் சுட்ட தட்டு, அடி பிடிச்சது. நீதான் தேய்க்கற.

— தேய்க்கறேன். ஏன் ரோண்டா, கொடியில என் பழைய மழைக்கோட்டு தொங்குதே? தூக்கிப் போடச் சொன்னேன்ல?

— துவைச்சுப் போட்டேன். கிடக்கட்டும், உபயோகப்படும்.

— ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்கறவனுக்கு எதுக்கு மழைக்கோட்டு?

— பேச்சை மாத்தாத. டிரிங் டிரிங். சார், குழாய் வெடிச்சிடுச்சு! சமையலறை முழுக்கத் தண்ணி. உங்க ஆபீஸ் பூட்டிக் கிடக்கு. இப்ப நான் என்ன செய்யறது?

— பதறாதீங்க. அவசர நம்பர் தனியா இருக்கு, எந்நேரமும் எடுப்பாங்க. அதுக்கு முன்னாடி தொட்டிக்குக் கீழ வால்வு இருக்கும் பாருங்க, அதைத் திருகி மூடுங்க.

— துருப்பிடிச்சு இறுகிடுச்சு சார். திருக வரல.

— பக்கத்து வீட்டுல யாரையாச்சும் கூப்பிடுங்க.

— தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. அவசர நம்பர்காரன் வர்றதுக்கு நேரமாகும்னான். குழந்தை வேற இருமிக்கிட்டே இருக்கு.

— வீட்டுல ஆம்பளை யாரும் இல்லையா?

— இருக்கார். ஏரியில இருக்கார்.

— ரோண்டா. இது நிஜமா நடந்ததா?

— அதை விடு. பதில் சொல்லு.

— எப்போ? நம்ம பொண்ணு சின்னப் பிள்ளையா இருக்கும்போதா? எங்கிட்டச் சொல்லவே இல்லயே நீ.

— சொல்லி? நீ எங்கயோ புயலுக்கு ஒதுங்கி நின்னுக்கிட்டிருந்த. உன் பெரிய ஸ்பேனரை எடுத்து அந்த வால்வு மேல போட்டேன் பாரு நாலு போடு! பயந்துபோய் மூடிக்கிச்சு. அப்புறம் ஜனவரியில வந்து, "ஸ்பேனர் ஏன் வளைஞ்சிருக்கு"ன்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா?

— நீ தரமில்லாத ஸ்பேனர்னு சொன்ன.

— வேற என்ன சொல்ல? நீ இங்க இருக்கறதே கொஞ்ச நாள். அந்த நாள்லயும் அழுத கதையவா சொல்லணும்?

— அழுத கதையானாலும் சொல்லியிருக்கணும் ரோண்டா.

— மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. டிரிங் டிரிங். சார், ஒரு சந்தேகம். வீட்டுக்கு வர்ற விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம்?

— இரு, இது கையேட்டுல எங்கயோ பாத்தேன். ஆங். ரெண்டு வாரம். அதுக்கு மேல தங்கினா அவர் விருந்தாளி இல்ல, குடியிருக்கறவர். வாடகை ஒப்பந்தத்துல அவர் பேர் இருக்கணும்.

— அப்படியா? எங்க வீட்டுல ஒருத்தர் ஜனவரியில இருந்து இருக்காரே. பெரிய ஆளு. சோபால முக்காவாசி அவர்தான்.

— அவர் உங்களுக்கு யாரு?

— புருஷன்.

— அடடே, புருஷன்னா ஒப்பந்தத்துலயே பேர் இருக்குமேம்மா.

— இல்லயே சார்.

— என்ன விளையாடுற?

— விளையாடல வாரன். நம்ம ஒப்பந்தம் ஒவ்வொரு மே மாசமும் புதுசு பண்ணுறது. மே மாசம் நீ எங்க இருப்ப?

— ஏரியில.

— முதல் வருஷம் நீ வந்து கையெழுத்துப் போடுவன்னு இடம் விட்டு வச்சிருந்தேன். வசந்தம் போச்சு, கோடை போச்சு. இதே ஆபீஸ்தான், அப்ப வேற ஒரு அம்மா இருந்தா. "அவர் பேரை எடுத்துடவா"ன்னு கேட்டா. எடுத்துடுங்கன்னுட்டேன். அப்புறம் அது அப்படியே போயிடுச்சு.

— இத்தனை வருஷமா?

— இத்தனை வருஷமா.

— அப்போ இந்த வீட்டுல நான் யாரு?

— கையேட்டுப்படி விருந்தாளி. அதுவும் கெடு தாண்டின விருந்தாளி. நாளைக்கு உன்மேல நீயேதான் நடவடிக்கை எடுக்கணும்.

— சிரிக்காத ரோண்டா.

— சரி, சிரிக்கல.

— எனக்கு எப்படி இருக்கு தெரியுமா? கப்பல்ல... பாத்திரம் கழுவறேன், விடு. கப்பல்ல படுக்கையில சாஞ்சு கண்ணை மூடினா நான் இந்தச் சமையலறைக்குத்தான் வருவேன். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவுல நடப்பேன். அந்த அலமாரிக் கதவு இடிக்கும்னு தலையைக் கூடக் குனிஞ்சுக்குவேன். துறைமுகக் கால்வாய்க்குள்ள நுழையும்போது நம்ம டுலூத் ஊர் மேடு முழுக்க எவ்வளவு லைட்டு எரியும்! அதுல ஒண்ணு மட்டும் அணைஞ்சு அணைஞ்சு எரியும். அது நீ. மத்தவனெல்லாம் கப்பலுக்கு வழிவிட்டு மேல தூக்குற பாலத்தைப் பாப்பான். நான் மேட்டைப் பாப்பேன். "அதோ, அதான் என் வீடு"ன்னு பக்கத்துல நிக்கறவன் தோளைப் பிடிச்சுத் திருப்பிக் காட்டுவேன். என் வீடாம்! பேரே இல்லாத வீடு.

— இதை நீயும் எங்கிட்டச் சொன்னதில்லயே வாரன்.

— சொல்லணுமா? லைட்டைப் போட்டவளுக்குத் தெரியாதா?

— லைட்டைப் போட்டவளுக்கு ஒரு கப்பல் போறது தெரியும். அதுல யாரு எந்தப் பக்கம் பாக்குறாங்கன்னு எப்படித் தெரியும்?

— சரி, போனது போகட்டும். நாளைக்கு விண்ணப்பத்தை நானே எடுத்துட்டு வர்றேன். நீயும் நானும் கையெழுத்துப் போடுவோம். கதவுகிட்ட இருக்கற தபால் பெட்டியில ரெண்டு பேர் பேரையும் ஒட்டுவோம்.

— அவசரப்படாத.

— இதுல யோசிக்க என்ன இருக்கு?

— இரு, அடுப்புல இன்னைக்கு வச்ச ஹாட்டிஷ் கருகுற வாசனை வருது.

— ஒரு வாசனையும் வரல. அடுப்பு மணியே இன்னும் அடிக்கல. என்ன ரோண்டா? என் பேரைச் சேக்க உனக்கு இஷ்டம் இல்லையா?

— இன்னும் ஒரு போன் பாக்கி இருக்கு. உக்காரு. டிரிங் டிரிங்.

— நான் எடுக்கல.

— அடிக்குது வாரன். டிரிங் டிரிங். எடு, தயவுசெஞ்சு.

— வணக்கம். வாரன் பேசுறேன்.

— சார், நான் மேட்டுத் தெருவுல மேல்மாடியில குடியிருக்கேன். ரொம்ப நாளைக்கு வெளியூர் போகணும். அதுக்கு உங்க ஆபீஸ்ல என்ன விதி?

— முன்னாடியே தெரியப்படுத்தணும். வீட்டைச் சும்மா பூட்டிட்டுப் போகக்கூடாது. குளிர்ல குழாய் உறைஞ்சுடும். எவ்வளவு நாளைக்கு?

— மார்ச் கடைசியில இருந்து ஜனவரி வரைக்கும்.

— என்னது?

— நடுவுல வர முடிஞ்சா வருவேன். சொல்ல முடியாது.

— என்னை விட்டுட்டுப் போறியா?

— நீங்க போன்ல இருக்கீங்க சார். நான் இல்லாதப்போ அந்த விருந்தாளி மட்டும் வீட்டுல இருக்கலாமா?

— கூடாது. பேர் இல்லாதவங்க தனியா இருக்கக் கூடாது.

— அப்போ அவர் பேரை ஒப்பந்தத்துல சேத்துடுங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்.

— போனை வை ரோண்டா. போதும். நான் வீட்டுக்கு வரணும் வரணும்னு அங்க கிடந்து ஏங்கினேன். வந்து சேந்தா நீ கிளம்புற. என் பேரைப் போட்டு இந்த வீட்டை என் தலையில கட்டிட்டு நீ எங்க போறே? யாராவது இருக்காங்களா?

— ஒருத்தரும் இல்ல.

— பின்ன? மார்ச்ல இருந்து ஜனவரி வரைக்கும் எவ ஊருக்குப் போவா? அது கப்பல் ஓடுற... ரோண்டா. அந்த மழைக்கோட்டு.

— ம்.

— காலையில எடுத்துப் போட்டுப் பாத்தேன். கை மணிக்கட்டு வரைக்கும் எட்டல. நான்தான் குண்டாயிட்டேன்னு நினைச்சேன். நீ கையைக் குட்டையாக்கித் தச்சிருக்க.

— எனக்கு நீளமா இருந்துச்சு.

— கடவுளே.

— பள்ளிக்கூடச் சமையல் வேலைக்கு முழுக்குப் போட்டாச்சு. இனிமே கப்பல்ல ரெண்டாவது சமையல்காரி. மாலுமி அட்டை, வேலைச் சீட்டு எல்லாம் வந்துடுச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஒரு மாசமா வாயை மூடிக்கிட்டு இருக்கேன். நீ தப்பா எடுத்துக்குவன்னு பயம்.

— "கப்பல்ல"ன்னு சொல்லிட்ட. உனக்கும் ஒரு பாத்திரம்.

— கழுவறேன். எவ்வளவு வேணும்னாலும் கழுவறேன்.

— ஏன் ரோண்டா? இப்பப் போய் ஏன்? எனக்காகத்தானே காத்துக்கிட்டு இருந்த?

— பாதி உனக்காக. மீதிப் பாதியை நீ கேட்டதே இல்ல. நீ போற அன்னைக்கெல்லாம் இந்த ஜன்னல்லதான் நிப்பேன். பாலத்தைத் தாண்டி உன் கப்பல் விளக்கு சின்னதாகிக்கிட்டே போகும். "போறானே"ன்னு அழுவேன். அழுதுக்கிட்டே, "நானும் போகணும், நானும் போகணும்"னு நெஞ்சு அடிச்சுக்கும். நீ வந்து மடைக்கால்வாயில தண்ணி நிறைய நிறையக் கப்பல் மெல்ல மேல ஏறுறதைச் சொல்லுவ, டெட்ராய்ட் ஆத்தைச் சொல்லுவ. நான் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டது உன் மேல ஆசையில மட்டும் இல்ல. பொறாமையிலயும்தான்.

— அங்க ஒண்ணும் இல்ல. வெறும் தண்ணி.

— அதை நீ பாத்துட்டுச் சொல்ற. நானும் பாத்துட்டுச் சொல்றேனே.

— அதுவரைக்கும் நான் இங்க தனியா என்ன செய்வேன்?

— நான் செஞ்சதைத்தான். வால்வுக்கு எண்ணெய் போடு. மே மாசம் கையெழுத்துப் போடு. எங்க கப்பல் கால்வாய்ல நுழையும்போது ஊதும், அது கேட்டதும் இந்த லைட்டைப் போட்டுப் போட்டு அணை. மத்தவங்கெல்லாம் பாலத்தைப் பாப்பாங்க வாரன், நான் மேட்டைப் பாப்பேன்.