லிபான் என்ன கத்தினான்?

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் இஞ்சினியர் பத்மநாபன் அவர்களே, செயற்குழு நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தங்கச்சி ஜெயலட்சுமி அம்மையப்பன் அவர்களே, டூட்டி மாற்றிக்கொண்டு கேம்ப் கேம்ப்பாக வந்து நிற்கும் தம்பிமார்களே! வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். அல் ஐனிலிருந்துகூட வண்டி பிடித்து வந்திருக்கிறீர்கள். ஒரு கம்பவுண்டரின் இரங்கல் கூட்டத்துக்கு இவ்வளவு பேர் என்றால் அந்த மனிதர் எப்படி வாழ்ந்திருக்க வேண்டும்!

நான் கீழக்கரை செய்கு முகம்மது. ஷார்ஜா தொழில்பேட்டையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். போலீஸ் விவகாரத்தை மட்டும் தொடாமல் நல்லதாக நாலு வார்த்தை பேசச் சொன்னார். நல்லதாகத்தான் பேசப் போகிறேன். ஆனால் போலீஸ் விவகாரத்தைத் தொடாமல் பேச என்னால் முடியாது. தலைவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கம்பவுண்டர் அம்மையப்பன் யார்? தென்காசிக்காரர். பன்னிரண்டு வருஷமாக நம் பிள்ளைகளின் காயத்தைக் கழுவிக் கட்டியவர். அடிபட்டு வருகிறவனிடம் அடித்தவன் யார் என்று அவர் முதலில் கேட்கமாட்டார். முதலில் என்ன வார்த்தை விழுந்தது என்றுதான் கேட்பார். பிறகு அடித்தவனைத் தேடி அவன் ரூமுக்கே போய்விடுவார். காயம் ஆறும்வரை அவன் தினமும் கிளினிக்குக்கு வந்து, கட்டுப் பிரிக்கும்போது கிண்ணம் பிடிக்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம். பயில்வான் மாதிரி ஒரு லாரி டிரைவர், மூன்றாம் நாள் ரத்தப் பஞ்சைப் பார்த்து மயங்கி விழுந்தான். அவனிடம் அடி வாங்கினவனே அவனைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் டீ குடிக்க வருவார்கள்.

தம்பிமார்களே, ஐந்து வருஷமாக நம் பேட்டையில் சோமாலியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊரில் நடக்கும் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள். இங்கே அவர்களுக்குள்ளேயே கத்தியை எடுத்துக்கொள்கிறார்கள், உண்மைதான். நாம் என்ன சொன்னோம்? "காப்பிரிப் பயலுவ, ரத்தமே சூடு" என்றோம். வேறு யாரோ சொல்லவில்லை. நான் சொன்னேன். என் கடையில் உட்கார்ந்து, அம்மையப்பன் முகத்துக்கு நேரே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "பாய், நான் பேட்டையில எல்லா ரத்தத்தையும் தொட்டவன். எல்லாம் ஒரே சூடுதான்" என்றார். அதோடு விட்டாரா? ஒரு மணி நேரம் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். பதினான்கு வயதில் அப்பனைச் சுட்டதைப் பார்த்தவன், பள்ளிக்கூடம் போகாதவன், கையில் சரியான காகிதம் இல்லாதவன், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் லோடு ஏற்றிவிட்டு மற்ற நாளெல்லாம் சுவரோரம் நிற்கிறவன். நிற்கிற இடத்திலும் நகரு நகரு என்று விரட்டினால் அவன் என்ன செய்வான் என்று கேட்டார். நம் பன்னீர்செல்வத்தை சைட்டில் ஒருத்தன் 'காலா' என்று கூப்பிட்டதற்கு, அவன் டீ கிளாஸாலேயே அடித்தானே, அந்த மண்டையை நான்தானே தைக்க உதவினேன் என்றார். கறுப்பன் என்று சொன்னால் உங்கள் பிள்ளைக்கு மானம், அவனுக்கு மட்டும் ரத்தச் சூடா என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அவர் பேச்சோடு நிற்கவில்லை. கராஜ்களுக்குப் பின்னால் இருக்கும் மணல் திடலில் வெள்ளிக்கிழமை தோறும் பந்தாட்டம் ஆரம்பித்தார். ஒரே பாஷைக்காரர்கள் ஒரே டீமில் ஆடக் கூடாது. எதிரே நிற்பவன் பெயர் தெரியாமல் யாரும் பந்தைத் தொடக் கூடாது. டயர் கடைகளில் ஏறி இறங்கி, தன் வாயை ஜாமீனாக வைத்து, நாலு சோமாலியப் பிள்ளைகளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். போன வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைகளில் ஒருவன்கூடக் குத்துப்பட்டு கிளினிக்குக்கு வரவில்லை. ஒருவன்கூட இல்லை. இதைச் செய்ய சர்க்கார் வரவில்லை, சங்கமும் வரவில்லை. நம்மில் சிலர் அவரை 'காப்பிரி கம்பவுண்டர்' என்று கேலி செய்தோம். அந்தப் பெயரை வைத்ததும் யார் தெரியுமா? இந்தக் கிறுக்கன்தான்.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். யாரும் எழுந்து போகாதீர்கள்.

அன்றைக்கு நான் திடலுக்கு முதல் தடவையாகப் போனேன். ஆட்டம் பார்க்க அல்ல. இந்தப் பயல்களோடு சேராதீர்கள், நம் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவரிடம் சொல்லத்தான் போனேன். வண்டியை விட்டு இறங்கி நிற்கிறேன். அவர் குனிந்து ஒருவன் கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்தது. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து லிபான் ஓடி வந்தான். பத்தொன்பது வயது சோமாலியப் பிள்ளை. கத்திக்கொண்டே வந்தான். வந்த வேகத்தில் இரண்டு கையாலும் அம்மையப்பனைத் தள்ளினான். லாரி மூலை அவர் தலையில் பட்டது. அவர் அங்கேயே போய்விட்டார்.

நம் பிள்ளைகள் ஏழு பேர் லிபான் மேல் பாய்ந்தார்கள். அவன் கையை ஒடித்தார்கள். போலீஸ் வந்து யார் பார்த்தது என்று கேட்டது. நான் முன்னே போனேன். மதிப்புள்ள கடைக்காரன் அல்லவா! "இவன் 'வர்றியா, வர்றியா'ன்னு சண்டைக்குக் கூப்பிட்டுக்கிட்டே வந்தான், லாரிக்குள்ள தள்ளிவிட்டான்" என்று சொன்னேன். அதை அரபியில் எழுதிக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். லாரி டிரைவர் பின்னால் எதையும் பார்க்கவில்லையாம். ஆகையால் போலீஸைக் குற்றம் சொல்லாதீர்கள். லிபானை உள்ளே வைத்திருப்பது என் வார்த்தை.

நாலாம் நாள் அம்மையப்பன் மனைவி, தங்கச்சி ஜெயலட்சுமியிடம் துக்கம் கேட்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன், அவன் எப்படிக் கத்தினான் என்றும் சொன்னேன். தங்கச்சி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வேண்டாம்.

"அண்ணே, அது தமிழ் இல்ல. 'வர்யா'ன்னா அவங்க பாஷையில 'ஏ, இந்தாப்பா'ன்னு அர்த்தம். ஆளைக் கூப்பிடுறது. சார்னு கூப்பிட வேண்டாம், உங்களுக்குள்ள கூப்பிடுற மாதிரியே கூப்பிடுங்கடான்னு சொல்லி வச்சதே இவருதான். எங்க வீட்டு வாசல்ல வந்தும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

கேட்டீர்களா? சோமாலியாவில் பிறந்தவன் தமிழில் சண்டைக்குக் கூப்பிடுவானா? இந்த அறிவு எனக்கு ஏன் வரவில்லை? கறுப்பாக ஒருவன் ஓடி வந்தால் அடிக்கத்தான் வருகிறான் என்று என் காது முன்கூட்டியே முடிவு கட்டி வைத்திருந்தது. லாரி வருகிறது, நகருங்கள் என்று கூப்பிட்டு ஒதுக்கித் தள்ளியவனை நான் கொலைகாரன் ஆக்கினேன். காப்பாற்ற வந்த கையை நம் பிள்ளைகள் ஒடித்தார்கள். காரணம் காரணம் என்று தேடுகிறோமே, வாலிபப் பிள்ளைகள் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று, அந்தக் காரணம் இதோ மைக் முன்னால் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது.

அன்றைக்குத் தங்கச்சி கடைசியாகச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். "உங்க வாயால உள்ள வச்சீங்க, உங்க வாயாலயே வெளிய கொண்டாங்க. வர்ற திங்கட்கிழமை நான் இவர் உடம்பைக் கொண்டுக்கிட்டு ஊருக்குப் போகணும். அந்தப் பிள்ளை உள்ள இருக்கும்போது எப்படிண்ணே போவேன்?"

இன்றைக்குச் சங்கம் ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டத்தை நிறுத்திவிடுவதாம், அந்நியர்களோடு சேர வேண்டாமாம். தலைவர் அவர்களே, அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். ஆட்டம் நடக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை பந்தோடு நான் நிற்பேன். ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்குக் கோல் கீப்பர் வேலையாவது கொடுப்பார்கள்.

நாளை சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன். நான் சொன்னது தப்பு என்று சொல்லப் போகிறேன். விசா கொடுத்த கபீல் கோபிப்பார், கடை லைசென்ஸ் போகும், என்னையே உள்ளே வைப்பார்கள் என்று பயம் காட்டுகிறார்கள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அம்மையப்பன் பெயரை இனிமேல் என் வாயால் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு வேறு வழி இல்லை.

ஒரு கிழவனின் வார்த்தை மட்டும் போதாது. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அந்த ஏழு பேர்தான். எல்லாரும் இந்த ஹாலில் இருக்கிறீர்கள், எனக்கு முகம் தெரியும். வந்தால் கையை ஒடித்த கதையும் வெளியே வரும். ஊருக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை.

கூட்டம் முடியும்போது எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்பது வழக்கம். இன்றைக்கு அது வேண்டாம். எல்லாரும் உட்கார்ந்தே இருங்கள். நாளைக்கு என்னோடு ஸ்டேஷனுக்கு வருகிறவன் மட்டும் எழுந்து நிற்கட்டும்.

யாரும் இல்லையா?

நான் காத்திருக்கிறேன். தலைவர் மணியடித்தாலும் மைக்கை விடமாட்டேன்.

பன்னீர்செல்வம்... நல்லது, தம்பி. தலையைக் குனியாதே. உட்காராமல் அப்படியே நில்.

இன்னும் ஆறு பேர்.