எழுதி வைக்காமல் வாசித்த கச்சேரி

சாயங்கால டைப்ரைட்டிங் வகுப்புக்கு இரண்டு வருடத்தில் நான் ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். ஆறு மணி வகுப்புக்கு ஐந்து ஐம்பதுக்கே இருப்பேன். பொறியைத் துணியால் துடைத்து, தாளைச் செருகி, ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காத்திருப்பேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் தெரிந்துகொண்டால் மற்றதைப் புரிந்துகொள்வது உங்களுக்குச் சுலபம், அதனால் சொல்கிறேன்.

பெயர் இன்னாசி. வயது இருபத்துமூன்று. பகலில் தருமபுரியில் பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் நகல் எடுக்கும் வேலை. நகலில் ஓர் எழுத்து தவறினாலும் அடித்துத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என் நகல்களில் திருத்தம் இருக்காது. ஆனால் மூன்று முறை ஒத்துப் பார்த்த பிறகும், வீட்டுக்குப் போகும் வழியில் எதையோ விட்டுவிட்டோமோ என்று உறுத்தும். அதற்காகத்தான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன். எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்கும்.

சவரிமுத்து வகுப்பில் என் பக்கத்துப் பொறிக்காரர். பொம்மிடியில் பிறந்தவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர், கல்யாணப் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அடுப்பு எரிவதில்லை என்று அவர் மனைவி ரோசம்மாள் பிடிவாதமாக வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தார். சவரியண்ணனுக்கு டைப்பிங் வரவே இல்லை. வரி முடியும்போது அடிக்கும் மணிக்காகவே அடிப்பார். மணி அடித்ததும் தலையை ஆட்டுவார்.

வகுப்பு மாடியில். எதிர்ச்சாரியில் அன்வர் பாஷாவின் தகரப் பட்டறை. ஒருநாள் மாலை, பன்னிரண்டு பொறிகளும் ஓடிக்கொண்டிருந்தபோது சவரியண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கேளு தம்பி. அங்க பாய் தட்டுறாரு, இங்க நீங்க தட்டுறீங்க. ரெண்டும் பேசிக்குது. உங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியல.”

அப்படித்தான் ஆரம்பித்தது. வகுப்பு முடிந்ததும் அன்வர் பாய் தகரத் தகடும் இரண்டு எண்ணெய் டின்னும் எடுத்துக்கொண்டு மேலே வருவார். சவரியண்ணன் கிளாரினெட். நான் டைப்ரைட்டர். விசைகளின் சத்தம், மணி, தாள் செருகிய வண்டியை இழுத்துத் தள்ளும் சத்தம், இவைதான் என் பங்கு. ராகம் இல்லை, பாட்டு இல்லை, தாளமும் முன்னதாகப் பேசிக்கொள்வதில்லை. சவரியண்ணன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். யாரிடமிருந்து என்ன சத்தம் வந்தாலும் அதைத் தப்பு என்று நினைக்கக் கூடாது. நிறுத்தக் கூடாது. அதற்குப் பதில் வாசிக்க வேண்டும். டின் கை தவறி விழுந்தால் அதற்கும் பதில். இருமினால் அதற்கும் பதில். ஒருவர் சும்மா இருந்தால், அந்தச் சும்மா இருப்பதும் அவர் வாசிப்பதுதான்.

சவரியண்ணனுக்கு இரைப்பு இருந்தது. ஊதக் கூடாது என்று சேலத்து டாக்டர் சொன்னாராம். ஊதாவிட்டால்தான் அதிகம் இரைக்கிறது என்று இவர் சொன்னாராம். ரோசம்மாள் ஒருநாள் வகுப்புக்கே வந்து, தாளில் மடித்த மாத்திரைப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார்.

“அவரு கையில குடுத்தா அஞ்சு நிமிஷம் நிக்காதுங்க தம்பி. கிளாரினெட்ட மட்டும்தான் தொலைக்காம வெச்சிருப்பாரு. நீங்கதான் நோட்டுல எழுதி வெச்சுப் பண்ற ஆளு.”

“ரைட்டர் வெச்சிருந்தா கவர்மெண்டுல வெச்ச மாதிரி,” என்றார் என்னை ரைட்டர் என்றே கூப்பிடும் அன்வர் பாய். “எடுக்கறதுக்கு மனு எழுதிப் போடணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். இடது கையைத் தூக்கினால் மாத்திரை என்று அடையாளம் வைத்துக்கொண்டோம். ஒத்திகையின்போது இரண்டு முறை தூக்கினார். இரண்டு முறையும் எழுந்துபோய் வாயில் போட்டுவிட்டு வந்தேன். இரைப்பு வந்த நாள், நேரம், அன்றைய காற்று எல்லாம் குறித்துவைத்தேன். டாக்டருக்கு உதவும் என்றுதான் குறித்தேன். நான்கு மாதத்தில் பதினொரு முறை. அதில் எட்டு முறை புகை. பாய் உலை மூட்டும்போது, வயலில் கரும்புச் சோகை எரித்தபோது.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நேரத்தில் எதுவும் தோன்றாது. அவர்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு எங்கெங்கோ போய்வருவார்கள். எனக்குக் கை நின்றுவிடும். அதனால் முதல் நாளே வீட்டில் எழுதிக்கொண்டு வருவேன். எந்த விசை எத்தனை முறை, எந்த இடத்தில் மணி என்று முழுத் தாளுக்கு. அதைப் பாடம் செய்துகொண்டு, அப்போதுதான் தோன்றியதுபோல அடிப்பேன். ஆறு மாதம் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் என்னைத் தங்களில் ஒருவனாக நினைத்தார்கள். நான் அதற்கு முன் எதிலும் ஒருவனாக இருந்ததில்லை.

டிசம்பர் மாதம் அந்தத் தாள் ஒன்று என் புத்தகத்திலிருந்து விழுந்து, சவரியண்ணன் எடுத்துப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பாய், இங்க பாருங்க. நம்ம ரைட்டரு வூட்லயே கச்சேரிய முடிச்சுட்டுத்தான் இங்க வர்றாரு.”

பாய் வாங்கிப் பார்த்தார். “மணிக்குக்கூட நேரம் போட்டு வெச்சிருக்கான்யா. ரயிலு டைம்டேபிள் மாதிரி.”

சிரித்து முடித்த பிறகு சவரியண்ணன் என் தோளில் கை போட்டார். பொங்கலுக்கு ஆட்களைக் கூட்டி ஒரு கச்சேரி வைக்கலாம், அதில் அவரும் பாயும் மட்டும் வாசிக்கிறோம் என்றார். “நீ முன்னாடி உக்காந்து கேட்டு எழுது தம்பி. உனக்கு அதுதான் வரும். அதுவும் வேணுமில்ல?”

நான் ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டேன். எழுதி வைக்காமல் வாசிக்கிறேன் என்றேன். அவர், “சரி, வா. அன்னைக்கும் வரலைன்னா அதோட விட்டுடணும்” என்றார். நாள் பார்ப்பது, இடம் கேட்பது, நாற்காலி போடுவது எல்லாம் என் பொறுப்பு என்றும் சொன்னார். அன்றிரவு நாட்குறிப்பில் ‘எனக்கு வருத்தம் இல்லை’ என்று எழுதினேன்.

நாள் நான்தான் குறித்தேன். 1974 ஜனவரி பதின்மூன்று, ஞாயிறு, மாலை நான்கு மணி. வகுப்புக்கு விடுமுறை, கூடம் காலி, அடுத்த நாள் பொங்கல் என்பதால் வெளியூரில் வேலை பார்க்கிறவர்களும் ஊருக்கு வந்திருப்பார்கள். இவை எல்லாமே உண்மையான காரணங்கள். அன்றைக்குப் போகி என்பதும் எனக்குத் தெரியும். விடிந்ததிலிருந்து தெருவுக்குத் தெரு பழைய கோரைப்பாயும் துடைப்பமும் எரியும். மார்கழிப் பனியில் அந்தப் புகை மேலே போகாது.

மூன்றரை மணிக்கு, கூடத்தின் சன்னலுக்கு நேர் கீழே, வகுப்பில் சேர்ந்திருந்த பழைய கார்பன் தாள், ரிப்பன், தேய்ந்த ரப்பர் உருளை எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தினேன். வகுப்பு நடத்தும் ராணியம்மாளிடம் அனுமதி கேட்டுத்தான் செய்தேன்.

“சாயங்காலம் யாராச்சும் போகி கொளுத்துவாங்களா இன்னாசி? காலையிலயே முடிச்சிருக்கணும்,” என்றார்.

“காலையில மறந்துட்டேங்க மேடம்,” என்றேன்.

“நீயா மறந்தே?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ரப்பர் மெதுவாகத்தான் எரியும். நிறையப் புகையும்.

மாத்திரைப் பொட்டலம் அன்று என் சட்டைப் பையில் இல்லை. வீட்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். முதலில் நாட்குறிப்பில் ‘மறந்துவிட்டேன்’ என்று எழுதினேன். மறுநாள் அதை அடித்து, ‘வைத்துவிட்டு வந்தேன்’ என்று திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். நாட்குறிப்பு உங்களிடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

ஏறக்குறைய அறுபது பேர் வந்திருந்தார்கள். ரோசம்மாள் முன்வரிசையில். உட்காரும்முன் என்னிடம் வந்து, “பொட்டலம் இருக்குதுங்களா தம்பி? ஊரே பொகையா கெடக்குது,” என்று கேட்டார். நான் பையைத் தொட்டுக் காட்டினேன். அதில் பேனா இருந்தது.

சவரியண்ணன் எழுந்து சட்டத்தைச் சொன்னார். “இதுல தப்புன்னு ஒண்ணு கெடையாதுங்க. நாங்க என்ன பண்ணாலும் அது வாசிப்புதான். முடியற வரைக்கும் யாரும் எந்திரிக்காதீங்க, பேசாதீங்க. எப்ப முடியும்னு எங்களுக்கே தெரியாது.”

முதல் கால் மணி நேரம் அவர்கள் இருவரும்தான். நான் ஐந்தாறு விசைகள் தொட்டிருப்பேன். தாளில் எதுவும் எழுதிக்கொண்டு வரவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை. சவரியண்ணன் ஒரு முறை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது.

நாலு இருபதுக்குக் கிளாரினெட்டின் ஒலி உடையத் தொடங்கியது. நீளமான சுரம் நடுவில் அறுந்து, காற்று மட்டும் வந்தது. அன்வர் பாய் தகட்டின் மேல் விரல் நகத்தை இழுத்து அதற்குப் பதில் கொடுத்தார். கூட்டம் இன்னும் கூர்ந்து கேட்டது. பிறகு சவரியண்ணன் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அவர் நெஞ்சிலிருந்தே விசில்போல் ஒரு சத்தம் வந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டு அதற்கும் பதில் வாசித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. சட்டம் அதுதான், வைத்தவரும் சவரியண்ணன்தான்.

இடது கை உயர்ந்தது.

நான் வாசிக்கத் தொடங்கினேன். அவர் ஒவ்வொரு மூச்சையும் இழுக்கும்போது ஒரு வரி, மூச்சு சிக்கும் இடத்தில் மணி, விடும்போது வண்டியைத் தள்ளுவது. அடுத்த மூச்சு எப்போது வரும் என்று தெரியாது. வந்தவுடன் என் விரல்கள் அங்கே இருந்தன. பாய் முதல்முறையாகத் தலையைத் திருப்பி என் பக்கம் காது கொடுத்தார். பிறகு என் பின்னால் வந்தார். ஆறு மாதத்தில் அவர் எனக்குப் பின்னால் வந்தது அன்றுதான்.

ரோசம்மாள் பாதி எழுந்துவிட்டார். கணவன் சொன்னது நினைவில் இருந்ததால் முழுக்க எழவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. நான் தலையை அசைத்தேன், கொடுத்தாகிவிட்டது, எல்லாம் சரி என்பதுபோல. அவர் என்னை நம்பி உட்கார்ந்தார்.

சவரியண்ணனும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாகியிருந்தது. காலால் நாற்காலிக் காலை உதைத்தார், மூன்று முறை. நான் மூன்று விசை அடித்துப் பதில் சொன்னேன். அதன் பிறகு அவர் தலை மார்பில் சாய்ந்தது. பாய் கையை எடுத்துவிட்டு அந்த அமைதியை அப்படியே விட்டார். அறுபது பேரும் மூச்சுக் காட்டவில்லை. நான் கடிகாரம் பார்த்தேன். இரண்டு நிமிடம். பிறகு ஒரே ஒரு மணி அடித்து முடித்தேன். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. ரோசம்மாள் ஓடிப்போய் அவர் முகத்தை நிமிர்த்தும்வரை நிற்கவில்லை.

இரைப்பில் போனார் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அடக்கத்தின்போது ரோசம்மாள் கேட்டது ஒன்றுதான். “மாத்திரை குடுத்தும் நிக்கலியா தம்பி?” நான் இல்லை என்றேன். இன்னும் அந்தப் பெண் என்னைத் தன் கணவனின் நண்பன் என்றே நினைக்கிறார். இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் வந்திருப்பது அவருக்குத் தெரியாது.

பிறகு ஏன் வந்தாய் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொண்டால் உங்களுக்கு வசதியாக இருக்கும் என்று தெரிகிறது. அது சரியா என்று எனக்கே நிச்சயமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றிருந்தோம். அன்வர் பாயும் வந்திருந்தார். கண் கலங்கி என் கையைப் பிடித்தார்.

“சவரி போற போக்குல உன்ன வாசிக்க வெச்சுட்டுப் போயிட்டான்டா இன்னாசி. அன்னைக்கு மாதிரி நான் கேட்டதே இல்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “ஆமா, அத எப்ப எழுதி வெச்சே?”

நான் இல்லை என்றேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நம்பவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அந்த நாளை நான்தான் தேர்ந்தெடுத்தேன். தீயை நான்தான் மூட்டினேன். மாத்திரையை நான்தான் பூட்டி வைத்தேன். அவர் மனைவியை நான்தான் உட்கார வைத்தேன். சவரிமுத்துவைக் கொன்றது நான்தான். இவற்றில் எதையும் மறுக்கமாட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்குமுன் ஒன்றை மட்டும் தனிப் பத்தியாக, அன்வர் பாஷாவும் படிக்கும்படி எழுதிக்கொள்ளுங்கள். அன்று நான் எதையும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. எல்லாம் அந்த நேரத்தில் தோன்றியதுதான்.