பொருட்காட்சியில் கடைசிக் கச்சேரி

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மதுரைக்குச் செல்லும் மாலைப் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் நடுத்தர வயதுடைய கணவனும் மனைவியும் அமர்ந்திருந்தனர். பொருட்காட்சியில் ஒரு மாதமாக நாள்தோறும் பாடிவந்த மெல்லிசைப் பாடகருக்கு அன்று இறுதிக் கச்சேரி. முன்வரிசை நாற்காலிக்குச் சீட்டு வாங்கியிருப்பதாகக் கணவர் பெருமையுடன் கூறினார். அம்மையாரின் மறுமொழி என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது.

"பக்கத்துல போய்ப் பாத்தா அவன் நம்ம புள்ள இல்லைங்க."

"தூரத்துல பாத்தா மட்டும் நம்ம புள்ளையாக்கும்? ஜிகினாக் கோட்டும் தோள் வரைக்கும் தலைமுடியுமாவா நம்ம முருகேசன் திரிஞ்சான்?"

"புகையை விட்டு நீல லைட்டைப் போட்டதும் அதுக்குள்ள இருந்து நடந்து வாரான்ல, அந்த நடை முருகேசன் நடைதான். மொகந்தான் வேற. பின்னால தரை டிக்கெட்டுல இருந்தா மொகம் தெரியாது."

கணவர் நாற்காலிச் சீட்டுகளை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"புள்ள செத்து வருசம் திரும்பப் போகுது. நாளைக்கு இந்தப் பாட்டுக்காரனும் ஊருக்குப் போயிருவான். அப்புறம் என்ன செய்வ?"

"தெனமும் கச்சேரி முடியையில கையைத் தூக்கி, நாளைக்கு வாரேம்பான். இன்னிக்குத்தான் போயிட்டு வாரேன்னு சொல்லுவான். கடைசியா அன்னைக்கு முருகேசன் மில்லுக்குக் கெளம்பையில நான் அடுப்படியில இருந்தேன். சொல்லிட்டுப் போனானா இல்லையான்னே எனக்குத் தெரியாதுங்க."

பேருந்து நின்றது. கணவர் நாற்காலிச் சீட்டுகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வா, வெரசாப் போவம். தரையில எடம் போயிரும்."