பெட்டி யாரையும் அடிக்கவில்லை

என் மகள் அருள்மொழிக்கு ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து மின்சாரம் பாய்ந்து, கீழே விழுந்து அடிபட்டதாக மலையிலுள்ள காவல் நிலையத்தில் எழுதி வைத்திருப்பது தவறு. அந்தப் பெட்டியில் கரண்ட் கசிவு இல்லை. பெட்டியைத் தூக்கி அவளை அடித்திருக்கிறார்கள். இதை முதலில் எழுதினால்தான் பெயரும் விலாசமும் சொல்வேன் என்று இங்கே கள்ளக்குறிச்சியில் என் வாக்குமூலத்தை எழுதும் காவல் அதிகாரியிடம் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

என் பெயர் இருசப்பன், தந்தை பெயர் பச்சமுத்து, வயது 68. சின்னசேலம் ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் என் மனைவி குஞ்சம்மாளுடன் குடியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். நாற்பத்து நான்கு வருடங்களாக ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பழுது பார்க்கிறேன். யாரிடமும் வேலை கற்கவில்லை. பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு ஒரே மகள் அருள்மொழி, வயது 33. ஒன்பது வருடங்களுக்கு முன் ஜீப் ஓட்டும் கவியரசனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். வெள்ளிமலையில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெண் தேவதர்ஷினி, வயது 7.

மேற்படி ஸ்பீக்கர் பெட்டி உள்ள ஹோம் தியேட்டர், கல்யாணத்துக்கு நானே பெட்டி அடித்துக் கொடுத்தது. அடித்து என்றால் என்ன என்று அதிகாரி கேட்டார். பிளைவுட் அறுத்து ஆணி அடித்துச் செய்தது என்று சொன்னேன். சின்ன ஸ்பீக்கர்கள் ஐந்து, பெரிய பெட்டி ஒன்று. பெரிய பெட்டிக்குள்தான் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அந்தப் பெட்டியின் மொத்த எடை ஆறரை கிலோ. முன்பக்கம் காற்றுத் துளை உண்டு. அதில் கையை விட்டு ஒரே கையால் தூக்கலாம்.

கடந்த 11.02.2025 செவ்வாய்க்கிழமை காலை சுமார் பத்தரை மணிக்கு, என் மகளின் பக்கத்து வீட்டில் இருக்கும், தினை சாமை பயிர் செய்யும் பெருமாயி என்பவர் எனக்கு போன் செய்தார். “அண்ணே, அருளு தலையில ஒரே ரத்தம். ஜீப்புல ஏத்திக்கினு கீழ போயிட்டாங்க. நீ மலைக்கி வராத, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போ. பாப்பா இஸ்கூல்ல கீது, நான் பாத்துக்கிறேன்” என்றார். அதன் பிறகு நான் பஸ் ஏறி அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது என் மகளுக்கு இடது காதுக்கு மேல் பதினொரு தையல் போட்டிருந்தார்கள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருந்தது. மருமகன் கவியரசன் டீ வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கும் ஒன்று வாங்கியிருந்தார். “பாட்டு கேக்கலாம்னு பிளக்க சொருகனா மாமா, கரண்டு தூக்கி அடிச்சிடுச்சி. வுழுந்ததுல செவுத்துல இடிச்சிக்கினா. நீங்க செஞ்ச பாக்ஸாச்சேன்னு நான் எதுவும் சொல்லல” என்றார். நான் அந்த டீயைக் குடித்தேன்.

அதன் பிறகு என் மகளிடம் கேட்டேன். “கரண்டுதாம்ப்பா” என்றாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் 12-ஆம் தேதி மலையிலுள்ள காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர், “பெரியவரே, ஒழுங்கா வேல தெரியாம ஒயரு குடுத்துட்டு இங்க வந்து நிக்கிறீங்க. பொண்ணு எழுதிக் குடுக்கல, அதனால உங்க மேல கேசு இல்ல. போங்க” என்றார். சாட்சி யார் என்று கேட்டதற்கு, பெருமாயியிடம் கைரேகை வாங்கியிருப்பதாகச் சொன்னார். அதன் பிறகு நான் பெருமாயி வீட்டுக்குப் போனேன். எழுத்தர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று விசாரித்தேன். பெருமாயி சொன்னது: “எது அடிச்சிதுன்னு கேட்டாரு. பாக்ஸுதான் சாருன்னேன். பின்ன, கட்டையா? வெறவா? பாக்ஸுதான? யாரு அடிச்சாங்கன்னு அவரு கேக்கவே இல்லியே. எழுதிட்டு மையில வெரல வையின்னாரு, வெச்சேன்.” அந்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கரண்ட் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை; பெட்டி அடித்தது என்றதை எழுத்தர் கரண்ட் அடித்தது என்று எழுதிக்கொண்டார். எது அடித்தது என்று கேட்டால் யார் சொன்னாலும் அப்படித்தான் வரும்.

13-ஆம் தேதி வியாழக்கிழமை மாலை, கவியரசன் அந்தப் பெரிய பெட்டியைச் சாக்கில் கட்டி, தன் ஜீப்பிலேயே சின்னசேலத்துக்குக் கொண்டுவந்து என் வீட்டில் இறக்கினார். “பாட்டு வரல. கரண்டு லீக்கையும் பாத்து ரெடி பண்ணி வைங்க மாமா. புதன்கெழம அவள டிச்சார்ஜ் பண்றாங்க, ஒண்ணா எடுத்துக்கினு போயிடறேன்” என்றார். தேவதர்ஷினியையும் கொண்டுவந்து விட்டார். குழந்தை ஜீப்பின் பின்சீட்டில் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்திருந்தது.

14-ஆம் தேதி காலை எட்டு மணிக்குப் பெட்டியைப் பிரித்தேன். என் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற மின்வாரிய லைன்மேன் செல்லமுத்து என்பவரை அழைத்து உடன் உட்கார வைத்துக்கொண்டேன். நான் பார்த்ததை எல்லாம் அவரும் பார்த்தார். முதலில் பிளக் முனைகளிலிருந்தும் டிரான்ஸ்பார்மர் முனைகளிலிருந்தும் பின்பக்கத் தகரத்துக்கு மீட்டர் வைத்தேன். முள் அசையவில்லை. பியூஸ் நன்றாக இருந்தது. டிரான்ஸ்பார்மர் நன்றாக இருந்தது. கசிவு எங்கும் இல்லை. பெட்டிக்கு உயிர் வராததற்குக் காரணம் வேறு. பிளக் ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் உள்பக்கமாக ஒரு முடிச்சுப் போடுவது என் வழக்கம். யாராவது இழுத்தால் முடிச்சு தகரத்தில் தடுத்து நிற்கும். அந்த முடிச்சு கல் போல இறுகியிருந்தது. ஒயர் உள்ளே அறுந்திருந்தது. துளையைச் சுற்றித் தகரம் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. பிளக்கைப் பிடுங்காமலே பெட்டியை வேகமாக வீசினால்தான் அப்படி ஆகும். ஒரு பெண் விழுவதால் ஆகாது.

அதன் பிறகு ஸ்பீக்கரைக் கழற்றினேன். காந்தம் ஒட்டு விட்டு ஒருபக்கம் நகர்ந்திருந்தது. ஸ்பீக்கரின் முன்பக்கப் பேப்பரை விரலால் அமுக்கினால் உள்ளே கம்பிச் சுருளான காயில் உரசிக் கரகரத்தது. பலமான இடி வாங்காமல் காந்தம் நகராது. இடது மேல் மூலை நசுங்கி, பிளைவுட் பிரிந்திருந்தது. பிரிந்த மரத்தில் முடி சிக்கியிருந்தது, நீளமான முடி. பெட்டியைக் குலுக்கியபோது உள்ளே ஏதோ உருண்டது. காற்றுத் துளை வழியாகச் சாய்த்து எடுத்தோம். பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு. செல்லமுத்து, “மூடிடு இருசப்பா, இனிமே ஸ்க்ரூவத் தொடாத” என்றார். மூடி, அதே சாக்கில் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து அவரிடமே கொடுத்தேன். வளையல் துண்டும் அதற்குள்தான் இருக்கிறது. இன்று அதைக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன்.

15-ஆம் தேதி மருத்துவமனைக்குப் போய், பெட்டியைப் பிரித்தேன் என்று என் மகளிடம் சொன்னேன். அதன் பிறகு, “ரெடி பண்ணிட்டியாப்பா?” என்றாள். இல்லை என்றேன். “பண்ணிடுப்பா. இல்லன்னா அதுக்கும் ஒண்ணு நடக்கும்” என்றாள். அதன் பிறகு பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்டாள். சாப்பிட்டாள் என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது வழக்குக்குத் தேவையில்லை, விட்டுவிடலாம் என்று அதிகாரி சொன்னார். விடக் கூடாது என்று சொல்லி எழுதவைத்தேன். இதே பெட்டி இதற்கு முன் இரண்டு முறை என்னிடம் பழுதுக்கு வந்தது. போன சித்திரையில் பேப்பர் கிழிந்து வந்தது. பூனை தள்ளிவிட்டது என்றார்கள். கார்த்திகையில் வலது மூலை நசுங்கி, காயில் உரசி வந்தது. ஜீப்பிலிருந்து விழுந்தது என்றார்கள். தார் ரோட்டில் விழுந்த பெட்டியில் சிராய்ப்பு இருக்கும், கல்பொடி இருக்கும். அந்த மூலையில் அது எதுவும் இல்லை. அன்றைக்கு என் மகள் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். நான் காயிலை மாற்றினேன். மூலையில் பட்டி மாவு பூசித் தேய்த்து, கருப்புப் பெயிண்ட் அடித்து, எந்த இடம் என்று தெரியாதபடி செய்து கொடுத்தேன். நன்றாகச் செய்திருக்கிறீர்கள் மாமா என்று கவியரசன் சொன்னார்.

அடித்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தேன். அதில் இருந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

இனி ஆக வேண்டியவை. பெருமாயியை எழுத்தர் மறுபடி கூப்பிட்டு யார், யாரை, எதனால் அடித்தார் என்று மூன்றையும் கேட்க வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகுதான் கைரேகை வாங்க வேண்டும். பெட்டியை வழக்குச் சொத்தாக இந்த அதிகாரி வைத்துக்கொள்ள வேண்டும். கவியரசன் கேட்டாலும், அருள்மொழியே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அரசு மின் ஆய்வாளர் அதைச் சோதிக்க வேண்டும். தகரத்தில் ஒரு வோல்ட் கசிந்தாலும் என்னைக் கைது செய்ய வேண்டும். புதன்கிழமை அருள்மொழியைக் கணவனுடன் அனுப்பக் கூடாது என்று மருத்துவமனைக்கு அதிகாரி இன்றைக்கே எழுத வேண்டும். குழந்தை என் மனைவியிடம் இருக்க வேண்டும். என் மகளிடம் ஒரு பெண் அதிகாரி தனியாகப் பேச வேண்டும். அப்போது கவியரசன் அங்கே இருக்கக் கூடாது. நானும் இருக்கக் கூடாது. என்னிடம் அவள் கரண்டு என்றுதான் சொல்வாள். முன்பு இரண்டு தடவை அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது, நான் பெயிண்ட் அடித்தேன். அது எந்தப் பிரிவில் வரும் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பிரிவில் வருமோ அதில் என் பெயரை அதிகாரி எழுத வேண்டும்.

17.02.2025 அன்று நான் சொல்லச் சொல்ல எழுதிய இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எதையும் கூட்டவில்லை, எதையும் மறைக்கவில்லை.

(ஒப்பம்)
ப. இருசப்பன்