கதவு சாத்திக் கிண்டும் மருந்து

தங்கை: அண்ணி... அடுப்படிக் கதவைக் கொஞ்சம் திறங்களேன்.

அண்ணி: திறக்கக் கூடாதும்மா. உங்க அண்ணனுக்கு இருமல் மருந்து கிண்டிக்கிட்டிருக்கேன்.

தங்கை: அதைக் கத்துக்கத்தானே பஸ் ஏறி வந்திருக்கேன்!

அண்ணி: உங்கம்மா சொன்ன பக்குவம் மறந்துபோச்சா? கதவைச் சாத்தணும். யாரும் கூப்பிடக் கூடாது. ஒரு மணி நேரம் கை நிக்காம கிண்டணும். நடுவுல பேச்சுக் குடுத்தா மருந்து முறிஞ்சிடும்.

தங்கை: இப்ப பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க?

அண்ணி: வாய்தான் பேசுது, கை கிண்டிக்கிட்டேதான் இருக்கு.

தங்கை: கரண்டிச் சத்தத்தையும் காணோம்.

அண்ணி: மரக் கரண்டி.

தங்கை: வாசனையும் வரல.

அண்ணி: உனக்கு மூக்கடைப்பா இருக்கும்.

தங்கை: அண்ணி... போன வாரம் நானே செஞ்சு பார்த்துட்டேன். இஞ்சிச் சாறு, தேன், மிளகுத்தூள். ரெண்டு கொதியில முடிஞ்சுது. மிச்ச நேரம் எதைக் கிண்டுறீங்க?

அண்ணி: மெதுவாப் பேசு!

தங்கை: அப்ப திறங்க. இல்லேன்னா இங்கயே நின்னு கத்துவேன்.

அண்ணி: வா, வா... சீக்கிரம். தாழ்ப்பாளைப் போடு.

தங்கை: அட! அடுப்பே பத்தவைக்கல. வறுத்த கடலை, வாரப் பத்திரிகை, கால் நீட்ட முக்காலி... என்ன அண்ணி இது?

அண்ணி: மருந்துதான். எனக்கு. அவரோடது காலையிலேயே செஞ்சாச்சு, அந்தா குப்பியில இருக்கு.

தங்கை: அம்மாவுக்கு மட்டும் இது தெரிஞ்சிருந்தா...

அண்ணி: சொல்லிக் குடுத்ததே அவங்கதான்! வீடு நிறைய ஆளு, குளிக்கப் போனாக்கூடக் கதவைத் தட்டுவாங்க. மருந்துன்னா மட்டும் ஒருத்தர் கிட்ட வரமாட்டாங்க. உங்கம்மா இந்தச் சுவத்துல சாஞ்சு ஒரு குட்டித் தூக்கம் போடுவாங்க.

தங்கை: அம்மா பகல்ல தூங்கினாங்களா? நான் பார்த்ததே இல்லையே...

அண்ணி: அதுக்குத்தானே கதவைச் சாத்தினாங்க.

தங்கை: எனக்கு அழுகையா வருது அண்ணி... சிரிப்பாவும் வருது.

அண்ணி: கடலை சாப்பிடு. ரெண்டும் நின்னுடும்.

தங்கை: உண்மையைச் சொல்லட்டா? எங்க வீட்டுல யாருக்கும் இருமல் இல்ல. நான்தான்... உக்காந்து நிம்மதியா ஒருவாய் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? இந்தக் கதவுக்காகத்தான் வந்தேன். ஆனா எங்க வீட்டுக்காரர் கல்லு மாதிரி இருக்காரே! ஒரு தும்மல்கூடக் கிடையாது.

அண்ணி: உங்க அண்ணனைப் பாரு, வாரம் தவறாம இருமல். பாவம், வெள்ளந்தி மனுஷன். தெரிஞ்சா மனசு விட்டுப்போயிடும். வெளிய மூச்சு விட்டுடாதே.

அண்ணன்: லொக்... லொக்... மருந்து ஆச்சா?

அண்ணி: ஐயோ, வந்துட்டார்! இன்னும் இல்லைங்க! இப்பத்தான் பதத்துக்கு வருது!

அண்ணன்: அவசரமே இல்ல, பொறுமையாக் கிண்டு. பசங்களை நான் பார்த்துக்கிறேன்... உள்ள இன்னொரு குரல் கேக்குதே, தங்கச்சியா?

தங்கை: ஆமாண்ணா, நானும் ஒரு கை கிண்டிக் கத்துக்கிறேன். என்ன பிரயோஜனம்... உங்க மாப்பிள்ளைக்குத்தான் இருமலே வர்றதில்லையே!

அண்ணன்: எனக்கு மட்டும் என்னைக்கு வந்துச்சு? கல்யாணத்தன்னைக்கே அப்பா தனியாக் கூப்பிட்டுச் சொல்லிக் குடுத்துட்டார். நீ மாப்பிள்ளையை அனுப்பி வை... எப்படி இருமணும்னு நான் கத்துத் தர்றேன்.